சாரின் பாஸ்வேர்டு

எங்கள் சாரைப் பற்றிப் பீளமேட்டில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷர் என்றுதான் சொல்வார்கள். கல்லூரியில் இருந்த காலமெல்லாம் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் ஒருவரைக் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைப் போட்டு உடைத்தவனைக்கூட "கை பத்திரம் கண்ணு" என்றுதான் சொல்வார். கோயமுத்தூர்க்காரர்கள் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள் என்று விடுதியில் என் அறையில் இருந்த மதுரைக்காரி கேலி செய்வாள். அதற்கு அவளோடு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். இன்றைக்கு அவளைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்பேன்.

காரமடைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கறிவேப்பிலைத் தோட்டம். எங்கள் வீட்டில் பட்ட மேற்படிப்பு வரை போன முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு சார் தன் புராஜெக்டில் என்னைச் சேர்த்துக்கொண்டார். சிங்காநல்லூர்க் குளத்துத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று மாதாமாதம் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை. பதவியின் பெயர் 'புராஜெக்ட் ஃபெல்லோ'. பெயரில் ஒரு கம்பீரம் இருக்கிறதல்லவா? தண்ணீர் எடுப்பது, சோதிப்பது, ரசாயனம் வாங்குவது, பில்லுக்குக் கையெழுத்து வாங்க ஆபீஸுக்கும் ஆய்வகத்துக்கும் நடப்பது, அறிக்கை எழுதுவது, சாருடைய மெயிலைப் பார்ப்பது எல்லாம் அந்தக் கம்பீரத்துக்குள் அடக்கம்.

மெயில் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. ஒரு ஃபைலை மெயிலில் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார். அவருடைய கணக்கைத் திறந்து கொடுத்ததே நான்தான். அவர் மகள் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்ததும் நான்தான். "எனக்கு இதெல்லாம் மாத்தத் தெரியாது கண்ணு, நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டார். அவர் அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் மெயிலுக்கு அவர் பெயரில் நான் பதில் எழுதுவேன். அவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

சிபாரிசுக் கடிதங்களும் அப்படித்தான். வெளிநாட்டில் ஃபெல்லோஷிப் கேட்கிற பிள்ளைகளுக்கு அவர்களுடைய ஆசிரியர் கடிதம் தர வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் ஆசிரியருக்கு நேரடியாக ஒரு லிங்க் அனுப்பும், அவரே கடிதத்தை அதில் ஏற்ற வேண்டும், மாணவர் கண்ணில் படக் கூடாது. சட்டம் அப்படி. நடப்பு என்னவென்றால், பிள்ளைகள் என்னிடம் வந்து நிற்பார்கள். நான் எழுதுவேன். சார் ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஆகட்டும் கண்ணு" என்பார். நானே லிங்கைத் திறந்து நானே ஏற்றிவிடுவேன். ஜெர்மனிக்குப் போனவனும் ஆஸ்திரேலியாவுக்குப் போனவளும் என் வாக்கியங்களில் ஏறித்தான் போனார்கள். இங்கே பல இடத்தில் இதுதான் வழக்கம், யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. போன பிள்ளைகள் அங்கிருந்து சாருக்குச் சாக்லேட் அனுப்புவார்கள். அதில் எனக்கும் இரண்டு கிடைக்கும்.

எனக்கும் ஒரு நேரம் வந்தது. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிற பல்கலைக்கழகம், தண்ணீர் பற்றிய பிஎச்டி. படிப்புச் செலவு, தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அவர்களே தருகிற ஃபெல்லோஷிப். எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்த வருடத்தை விட்டால் எனக்கு இல்லை. அந்த ஊர்ப் பேராசிரியை ஒருத்தி வீடியோவில் என்னோடு நெடுநேரம் பேசினாள். குளத்துக் கணக்குகளைக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டாள். "உன் விண்ணப்பம் முழுசாக வந்து சேரட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கடைசியில் சொன்னாள். முழுசாக என்றால் இரண்டு ஆசிரியர்களின் கடிதத்தோடு.

நான் சாரிடம் ஓடினேன். ஊர் பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார், வாயில் நுழையாத பெயர். பிறகு போனில் வரைபடத்தை எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தார். "ரொம்பக் குளுருமே கண்ணு. நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்க" என்றார்.

"கடிதம் எழுதிக் கொண்டு வரட்டுங்களா சார்?" என்று கேட்டேன்.

சார் பேப்பரை மடித்து வைத்தார். "வேண்டாம் கண்ணு. ஊர்ல இருக்கிற புள்ளைகளுக்கெல்லாம் நீ எழுதுனே. உன்னைப் பத்தி நீயே எழுதுனா நல்லாவா இருக்கும்? உனக்கு மட்டும் நானே என்ற கையால எழுதறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பொழுதோடு அம்மாவுக்குப் போன் பண்ணி இதை அப்படியே சொன்னேன், அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினேன். அம்மா உடனே அப்பாவைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னாள். பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதற்குப் பிறகு அவருடைய மெயிலை நான் திறக்கவே இல்லை. என்னைப் பற்றி அவர் எழுதுவதை நான் எட்டிப் பார்ப்பது முறையில்லை என்று நினைத்தேன். முறை! அந்த நினைப்புக்கு என்னையே நாலு அறை அறையலாம்.

இன்னொரு கடிதம் எங்கள் துறையிலேயே ஒரு மேடம் தர வேண்டியது. வெடுக்கென்று பேசுகிறவர், யாரையும் கண்ணு என்று கூப்பிட மாட்டார். "லிங்க் வந்துச்சு, போட்டுட்டேன், போய் வேலையைப் பாரு" என்று வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னார். விண்ணப்பப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே பச்சை டிக் விழுந்துவிட்டது. சார் பெயருக்கு நேரே மஞ்சளில் ஒரு கடிகாரம் நின்றது.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் ஒரு காரியத்தை ஒரு தடவைதான் கேட்பது. மறுதடவை கேட்டால் ஞாபகப்படுத்துவது ஆகாது, குத்திக்காட்டுவதாக ஆகிவிடும். அதனால் நாங்கள் வேறு மாதிரி ஞாபகப்படுத்துவோம். போய் முன்னால் நிற்பது. உடம்பு விசாரிப்பது. மழை வரும் போலிருக்கிறது என்பது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள் காலையில் வரும்போதெல்லாம் அம்மா கறிவேப்பிலைக் கட்டோடு முருங்கைக்காயும் வைத்து அனுப்பினாள். சார் வீட்டில் அவருடைய சம்சாரம் "எதுக்கு அம்மணி செரமம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வார். நான் வாசலில் நின்று "வாரேனுங்க சார்" என்பேன். அந்த 'வாரேனுங்க'வில் என் முழு விண்ணப்பமும் இருக்கும். சார் புரிந்துகொண்டு "குடுத்துப்போடலாம் கண்ணு, வெசனப்படாதே" என்பார்.

கடைசித் தேதி நெருங்கியபோது வாய் திறந்து கேட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, பெரிய மனுசர் சொன்னாச் செஞ்சுபோடுவாரு. நீ போயி நச்சரிச்சு அவரு மனசைச் சங்கடப்படுத்தாதே" என்றாள். அதுவும் சரி என்று பட்டது. எனக்கு எல்லாமே சரி என்றுதான் பட்டுக்கொண்டிருந்தது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவர்களுக்கு வியாழன் நள்ளிரவு என்றால் நமக்கு வெள்ளி காலை பத்தரை. முந்தின நாள் சார் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காத்தால குளத்துல சாம்பிள் எடுத்துப்போடு கண்ணு. நீ திரும்பி வந்து பாக்கறப்ப உன்ற வேலை முடிஞ்சிருக்கும்" என்றார். என் கையைப் பிடித்துத்தான் சொல்லவில்லை. அவ்வளவு பரிவாகச் சொன்னார்.

விடிந்ததும் சிங்காநல்லூர் போனேன். கரையோரம் நாரைகள் நின்றன, காலை நடைக்கு வந்தவர்கள் என்னையும் என் பாட்டில்களையும் வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் சீட்டு ஒட்டிவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள். இன்னொரு பாட்டில், இன்னொரு சீட்டு, மஞ்சள். ஒன்பது மணிக்குச் சாருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வழக்கமாக ஆட்டோ கேட்டுப் பேரம் பேசுகிறவள், அன்றைக்குச் சொன்ன காசுக்கு ஏறி உட்கார்ந்தேன். மடியில் குளத்துத் தண்ணீர் தளும்பியது.

சாருடைய அறை திறந்திருந்தது, சார் இல்லை. அட்டெண்டர் அண்ணா கூட்டிக்கொண்டிருந்தார். "சார் அவினாசியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க. மத்தியானம்தான் வருவாரு" என்றார். மேசையில் அந்தக் கல்யாண அழைப்பிதழ் கிடந்தது. மணி பத்தைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் நானே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எத்தனை பேருக்குச் செய்தவள்! என் பெயரைப் போட்டு நாலு வரி எழுதி ஏற்ற பத்து நிமிஷம் போதும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன், மெயிலைத் திறந்தேன், அவர் மகள் பெயரை அடித்தேன். தவறு என்றது. பதற்றத்தில் எழுத்து மாறிவிட்டது என்று நிதானமாக மறுபடி அடித்தேன். திரையில் ஒரு வரி வந்தது: உங்கள் பாஸ்வேர்டு நான்கு நாட்களுக்கு முன் மாற்றப்பட்டது.

நான் அந்த வரியைப் படித்துவிட்டு யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக. சாருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள், பாவம் சார், உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும், அதையும் அழுத்திவிட்டு அழைத்தேன். மணி அடித்தது. திரும்ப அழைத்தேன். இந்தத் தடவை இரண்டு மணி அடித்ததும் அந்தப் பக்கம் கட் செய்தார்கள். போன் கையில் இருக்கிறது, என் பெயர் திரையில் தெரிகிறது, பார்த்து, கட் செய்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

பத்தரைக்கு மஞ்சள் கடிகாரம் போய்ச் சாம்பல் நிறத்தில் 'விண்ணப்பம் முழுமையடையவில்லை' என்று வந்தது. அட்டெண்டர் அண்ணா மேசைக்கு அடியில் கூட்ட வேண்டும் என்று காலைத் தூக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டேன்.

சார் மத்தியானம் வந்தார். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் தாம்பூலப் பை. என்னைப் பார்த்ததும் பையை நீட்டினார். "இந்தா கண்ணு. தேங்கா நல்லா முத்தின தேங்கா. ஊட்டுக்குக் கொண்டு போ."

"சார், டிக் விழலைங்க" என்றேன்.

"அப்படியா? அடடா. ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் புடிச்சுக்கிட்டாங்க கண்ணு. போனைக்கூட எடுக்க உடலை."

"பாஸ்வேர்டு மாத்தியிருக்கீங்க சார்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "மருமகப்பையன் வந்திருந்தான். ஒரே பாஸ்வேர்டை ரொம்ப நாள் வெச்சிருக்கக் கூடாதுன்னு மாத்திக் குடுத்தான்."

"எனக்கு நீங்க சொல்லலீங்களே சார்."

"உக்காரு கண்ணு" என்றார். நான் உட்காரவில்லை. "நானும் எழுதலாம்னுதான் உக்காந்தேன். கை வரலை. அடுத்த வருசம் புராஜெக்ட் முடியுது. நீ போயிட்டா ரிப்போர்ட்டை யாரு எழுதுவா? இந்த வயசுல இன்னொரு ஆளைப் புடிச்சு நான் பழக்க முடியுமா? உன்ற அளவுக்கு எவனுக்கு வேலை தெரியும்? நீ இங்கயே பிஎச்டி பண்ணு. நானே கைடு. என்ற பொண்ணாட்டப் பாத்துக்கறேன்."

அவருடைய பொண்ணு லண்டனில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டிய கடிதங்களையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

முடியாது என்று அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொருவர் காலில் போய் விழுந்திருப்பேன், அந்த மேடம் யாரையாவது காட்டியிருப்பார். எங்கள் ஊரில் அந்த வார்த்தை மரியாதைக் குறைவு. கேட்டவர் முகம் வாடக் கூடாது என்று ஆகட்டும், பார்க்கலாம், செய்துபோடலாம் என்று சொல்லுவோம், பிறகு செய்யாமல் விட்டுவிடுவோம். கல்யாண வீட்டுப் பந்தல்காரனில் இருந்து பேராசிரியர் வரை இதே கதை. அவர் என் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டார். என் வாழ்க்கைக்கு வந்த ஒரே கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினார். தாம்பூலப் பையை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு விடுதிக்குப் போய் அழுதேன். மதுரைக்காரி ஒன்றும் கேட்காமல் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வைத்தாள்.

ஊரில் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "மறந்திருப்பாரு. வேணும்னு பண்ற மனுசனா அவரு?" என்றார். பாஸ்வேர்டு விஷயத்தை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவருக்குப் பிடிபடவில்லை. பூட்டை மாற்றினார் என்று சொன்னேன். "அவரு ஊட்டுப் பூட்டு, அவரு மாத்தறாரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டேன். அப்பா மேல் இல்லை அந்த ஆத்திரம். என் வீட்டுக்குள்ளேயும் அந்த மனுஷன் தங்கமாகவே இருந்தார், அதைத் தாங்க முடியவில்லை.

திங்கள் காலையில் அம்மா வழக்கம்போலக் கட்டுக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். "கோவத்தை மனசுல வெச்சுக்காதே கண்ணு. நாளைக்கும் அவரு மொகத்துலதான் முழிக்கோணும்" என்றாள். காரியம் ஆனதும் ஒருவரைத் தூக்கிப் போட்டால் கறிவேப்பிலை என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எங்களுக்கு அது சோறு போடுகிற பயிர், அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. ஆனால் காந்திபுரம் வரை பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கறிவேப்பிலையையாவது தின்று முடித்ததும் எடுத்து ஓரமாக வைக்கிறார்கள். என்னை எடுத்து வைக்கவும் அவருக்கு மனசில்லை. காந்திபுரத்தில் இறங்கி, தள்ளுவண்டியில் இட்லி விற்கிற அக்காவிடம் கட்டைக் கொடுத்தேன். "எவ்வளவுங்க?" என்றார். சும்மா வைத்துக்கொள்ளச் சொன்னேன், வியாபாரம் தொடங்கும் நேரத்தில் சந்தேகமாகப் பார்த்தார்.

நான் அன்றைக்குக் கல்லூரிக்குப் போனது ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். நல்ல சூடான வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். அறைக்குள் நுழைந்ததும் சார் நிமிர்ந்து பார்த்து முகம் மலர்ந்தார்.

"வந்துட்டியா கண்ணு. நல்ல நேரத்துக்கு வந்தே. இந்த மெயிலைச் சித்தெ பாரு, திறக்கவே மாட்டேங்குது. மருமகப்பையன் என்னமோ வெச்சான், எனக்கு மறந்துபோச்சு. அவனும் போனை எடுக்கலை."

இதை எதிர்பார்த்து யார் ஒத்திகை பார்ப்பார்கள்? அவர் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். நான் உட்கார்ந்தேன். மறந்துவிட்டது என்பதை அழுத்தினேன். ஓடிபி அவர் போனுக்கு வந்தது, ஒவ்வொரு எண்ணாக வாசித்துச் சொன்னார்.

"புதுசா என்ன வெக்கட்டும் சார்?"

"உனக்கு என்ன தோணுதோ அதையே வையி கண்ணு."

எனக்குத் தோன்றியதை வைத்தேன். மெயில் திறந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்து கடிதம் கேட்டு வந்திருந்த நினைவூட்டல்கள் வரிசையாக இருந்தன. படிக்காத மெயில் என்றால் தடித்த எழுத்தில் இருக்கும். இவை எல்லாம் மெலிந்த எழுத்தில் இருந்தன. சாரும் என் தோளுக்கு மேலாகத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் மேசையில் கிடந்த அந்தக் கல்யாண அழைப்பிதழை எடுத்துத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறந்தார். "என்ன வெச்சிருக்கே, சொல்லு. இல்லாட்டி இதுவும் மறந்துபோகும். எழுத்து எழுத்தாச் சொல்லு."

நான் சொன்னேன். ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக, அவர் எழுதுகிற வேகத்துக்கு. பாதிக்கு வந்தபோது பேனா நின்றது. வரைபடத்தில் தேடிப் பார்த்து, குளிரும் என்று ஸ்வெட்டர் வாங்கச் சொன்ன ஊர் அது. நான் போயிருக்க வேண்டிய ஊர். அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை.

"அப்பறம் கண்ணு?" என்றார்.

மிச்ச எழுத்துகளையும் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு வாய்க்குள்ளேயே ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம் பெரிசா இருக்குதே" என்றார்.

"டெய்லி அடிச்சாப் பழகிருமுங்க சார்" என்றேன். சாவியை அந்த அழைப்பிதழின் மேல் வைத்துவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.